செகண்ட் ஹேண்ட் சூப்பர் கார்: வாங்குவதைவிட வைத்திருப்பதுதான் செலவு

கேள்வி இதுதான்: வெளிவந்த காலத்தில் எட்டாத விலையில் இருந்த ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன் கார்கள் பத்துப் பதினைந்து வருடம் போனபின் ஒரு புது சொகுசு செடானின் விலைக்கே கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி, வார இறுதியில் மட்டும் எடுத்து, வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பராமரிப்பு கைக்கு அடக்கமாகத்தானே இருக்கும்?

இருக்காது. ஏன் என்று தெரிந்துகொண்டால், எந்த வண்டியைச் சமாளிக்கலாம், எதை வாங்கினால் மூன்றாம் வருடமே விற்க அலைய வேண்டிவரும் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

கேள்விக்குள் இரண்டு கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டுமே தவறு. முதலாவது, வண்டி மலிவாகிவிட்டதால் செலவும் மலிவாகியிருக்கும் என்பது. சந்தையில் வண்டியின் விலை பாதிக்கும் கீழே போகலாம். அதன் கிளட்ச், பிரேக் டிஸ்க், ஹெட்லைட் எதுவும் விலை இறங்குவதில்லை. உற்பத்தி நின்ற மாடல்களில் ஏறத்தான் செய்யும். அந்த எஞ்சினைத் தொடத் தெரிந்த மெக்கானிக்கின் மணிநேரக் கூலியும் உங்கள் வண்டியின் வயதைப் பார்த்துக் குறையாது. ஷோரூமில் முதல் நாள் என்ன விலையோ, அந்த விலைக்கு ஏற்ற பராமரிப்புதான் கடைசிவரை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதை.

இரண்டாவது, குறைவாக ஓட்டினால் குறைவாகச் செலவாகும் என்பது. சாதாரணக் காரில் இது பெருமளவு உண்மை. இந்த வகைக் காரில் பெரிய செலவுகள் பலவும் காலண்டரைப் பார்த்து வருகின்றன. ஓடோமீட்டரில் என்ன எண் இருந்தாலும் ரப்பர் இறுகும், ஆயில் சீல் காயும், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், பேட்டரி இறங்கும், டயர் வயதாகும்.

இதற்குச் சிறந்த உதாரணம் ஃபெராரி எஃப்355. 1994 முதல் 1999 வரை வந்த வண்டி. இன்றும் அதன் சத்தத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள். அதன் வி8 எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகளைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் இருக்கும் முனையோ கேபினின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. கை நுழைய இடமில்லை. அதனால் வண்டியை லிஃப்டில் ஏற்றி எஞ்சின், கியர்பாக்ஸ், அவற்றைத் தாங்கும் பின்பக்கச் சட்டமான சப்ஃபிரேம் மூன்றையும் ஒன்றாகக் கீழே இறக்குகிறார்கள். கூலன்ட் ஹோஸ், எரிபொருள் குழாய், வயரிங், ஏசி லைன், டிரைவ் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றையும் கழற்றி, அடையாளம் கட்டி வைத்து, கடைசியில் மேலே வண்டியும் கீழே எஞ்சினுமாக நிற்கும். இவ்வளவும் ஒரு பெல்ட்டுக்காக. இதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்வது நெடுங்கால வழக்கம். ஐந்து வருடம் வரை தள்ளுபவர்களும் உண்டு. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும் என்பதால் அதற்கு மேல் தள்ளும் துணிச்சல் யாருக்கும் வருவதில்லை.

பெல்ட் என்பது பில்லில் ஒரு வரிதான். எஞ்சின் இறங்கியபின் மெக்கானிக் கூப்பிட்டுக் காட்டுவார்: டென்ஷனர் பேரிங் சத்தம் போடுகிறது, கேம் சீலில் ஆயில் கசிவு, ஹோஸை விரலால் அழுத்தினால் மரம் மாதிரி இருக்கிறது, வாட்டர் பம்ப் இன்னும் ஒரு வருடம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். மறுபடி இறக்க இதே கூலி என்பதால் எல்லாவற்றையும் இப்போதே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். அதை மறுப்பவர்தான் பிறகு இரண்டு தடவை பணம் கட்டுகிறார். போதாததற்கு எஃப்355-இன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் விரிசல் விடுவதிலும், வால்வு கைடுகள் சீக்கிரம் தேய்வதிலும் பேர்போனவை. பெல்ட்டுக்கு என்று எடுத்து வைத்த தொகை இரண்டு மடங்காவது இந்த வண்டியில் அதிசயமே இல்லை.

அடுத்து வந்த 360 மொடேனாவில் பெல்ட் அப்படியே இருந்தது. ஆனால் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடியைக் கழற்றி, எஞ்சினை இறக்காமலே வேலையை முடிக்கலாம். அதற்கும் அடுத்து 2004-இல் அறிமுகமான எஃப்430-இல் பெல்ட்டே இல்லை, செயின். ஆக, அடுத்தடுத்து வந்த மூன்று தலைமுறை ஃபெராரிகளில் ஒரே ஒரு வடிவமைப்பு முடிவு வருடாந்தரச் செலவை மாற்றிவிடுகிறது. மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனைப் பார்ப்பதற்குமுன் இதைத்தான் பார்க்க வேண்டும்: வழக்கமான வேலைக்கு எஞ்சின் இறங்க வேண்டுமா, வேண்டாமா?

இனி கிளட்ச். 1990-களின் கடைசியிலிருந்து 2010 வரை வந்த வண்டிகளில் பெரும்பாலும் இருந்தது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த ஒற்றைக் கிளட்ச் தானியங்கி கியர். ஃபெராரியில் அதற்கு எஃப்1 என்று பெயர், லம்போர்கினியில் இ-கியர். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலுக்குப் பதிலாக ஒரு ஹைட்ராலிக் அமைப்பு கிளட்சை மிதிக்கிறது. நெரிசலில் ஊர்ந்து போவது, மேட்டில் ரிவர்ஸ் எடுப்பது, பார்க்கிங்கில் அரை அடி முன்னே அரை அடி பின்னே என்று நகர்த்துவது, இவைதான் அதற்கு எமன். ஒவ்வொரு நொடியும் தகடு வழுக்கிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவரிடம் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் வரக்கூடிய கிளட்ச், ஊருக்குள் பந்தா காட்டுகிறவரிடம் பத்தாயிரத்தில் முடிந்துபோகும்.

இதில் ஒரு நல்ல விஷயம், டயக்னாஸ்டிக் கருவியைச் செருகினால் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று கணினியே சொல்லிவிடும். விற்பவர் "கிளட்ச் நல்லா இருக்கு சார்" என்று சொல்லட்டும், நீங்கள் அந்த எண்ணைக் கேளுங்கள். அதை முழுசாகவும் நம்ப வேண்டாம். புது கிளட்ச் போட்டபோது பழைய அளவை அழித்து ஒழுங்காகப் புது அளவு பதியாமல் விட்டிருந்தால் எண் பொய் சொல்லும். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளி சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே அமைப்பின் ஹைட்ராலிக் பம்பும், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் ஆக்குமுலேட்டரும் தனியாகத் தேயும் பாகங்கள். சாவியைத் திருப்பியதும் பம்ப் வழக்கத்தைவிட நேரம் இரைந்துகொண்டே இருந்தாலோ, ஒருமுறை நின்றபின் அடிக்கடி மறுபடி ஓடினாலோ, பில் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

2009-க்குப் பிறகு வந்த ஃபெராரி 458, மெக்லாரன் 12சி, 2014-இன் லம்போர்கினி ஹுராகான் ஆகியவற்றில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். கிளட்ச் எண்ணெயில் குளித்துக்கொண்டே வேலை செய்வதால் நெரிசலுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே ஏதாவது போனால் தொகை வேறு ரகம். இந்தக் கியர்பாக்ஸ்கள் வந்த புதிதில் ஒரு சின்ன சென்சார் போனாலும் மொத்த கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வது வழக்கமாக இருந்தது. பிறகு தனி ஒர்க்ஷாப்கள் அதைப் பிரித்து, போன பாகத்தை மட்டும் மாற்றப் பழகிக்கொண்டன. அப்படி ஒருவர் உங்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பது, வண்டி எந்த வருட மாடல் என்பதைவிட முக்கியம்.

பிரேக்குக்கு வருவோம். கார்பன் செராமிக் டிஸ்க்கைப் பற்றி இரண்டு எதிரெதிரான வதந்திகள் உலவுகின்றன: அது ஆயுளுக்கும் தேயாது என்று ஒன்று, உங்களைக் கடனாளி ஆக்கிவிடும் என்று இன்னொன்று. இரண்டும் பாதி உண்மை. இரும்பு டிஸ்க்கின் எடையில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். போர்ஷே 2001-இல் 911 ஜிடி2-வோடு இதைக் கொண்டுவந்தது. பிறகு ஃபெராரி தன் எல்லா மாடலிலும் போடத் தொடங்கியது. சாலையில் மட்டும் ஓட்டினால் உண்மையிலேயே மிக நீண்ட நாள் வரும். ரேஸ் டிராக்கில் ஓட்டினால் அந்தச் சூட்டில் டிஸ்க்கில் இருக்கும் கார்பன் இழைகள் எரிந்து குறையும். தடிமனை அளந்தால் இது தெரியாது, எடை போட்டால்தான் தெரியும். அதனாலேயே டிஸ்க்கில் குறைந்தபட்ச எடையைப் பொறித்திருப்பார்கள். நான்கையும் மாற்றும் செலவு, நீங்கள் வாங்க நினைக்கும் பழைய வண்டியின் விலையில் கண்ணுக்கு உறுத்தும் அளவு பங்காக இருக்கும். டிராக்குக்குப் போகிற பலர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு இரும்பு டிஸ்க் போட்டுக்கொள்வது இதனால்தான்.

செராமிக் டிஸ்க்கை இன்னொரு விதத்திலும் இழக்கலாம்: டயர் கடையில். சக்கரத்தைக் கழற்றும்போது ரிம் சரிந்து டிஸ்க்கின் விளிம்பில் இடித்தால் சில்லு பெயர்ந்துவிடும். போர்ஷேயில் இதற்கென்றே இரண்டு வழிகாட்டிக் கம்பிகள் தருகிறார்கள். போல்ட்டைக் கழற்றிய துளைகளில் அவற்றைத் திருகி, அவற்றின்மேல் சக்கரத்தை நேராக வழுக்கி எடுக்க வேண்டும். அந்தக் கம்பிகளைப் பார்த்து "இது எதுக்கு?" என்று கேட்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

டயர் பற்றிச் சுருக்கமாக. பின் டயரின் அகலம் 305 மில்லிமீட்டர் என்பதெல்லாம் இங்கே சாதாரணம். ரப்பர் மென்மையானது, பிடிப்பு அபாரம், ஆயுள் குறைவு. பக்கச்சுவரில் தயாரிப்பாளருக்கென்ற குறி இருக்கும்: போர்ஷேக்கு என்0, என்1 என்று, ஃபெராரிக்கு கே, லம்போர்கினிக்கு எல், மெக்லாரனுக்கு எம்சி. அதே பிராண்டு, அதே அளவு, ஆனால் குறி இல்லாத டயர் மலிவாகக் கிடைக்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன்பின் டயர்களின் சுற்றளவு கொஞ்சம் முரண்பட்டாலும் டிஃபரன்ஷியலுக்குக் கேடு என்பதால் நான் அந்தச் சிக்கனத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு டயர் தேய்வதற்குள் காலாவதி ஆகிவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரில் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். 2013-இல் நடிகர் பால் வாக்கரும் வண்டியை ஓட்டிய நண்பரும் இறந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்கு அதிவேகமே காரணம் என்று சொன்ன காவல்துறை விசாரணை, டயர்கள் ஒன்பது வருடப் பழையவை என்பதையும் குறிப்பிட்டது.

ஆயில் மாற்றுவது, பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் இவையெல்லாம் அளவில் பெரியவை, தன்மையில் புதியவை இல்லை. ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் டிரை சம்ப் எஞ்சினில் எட்டு முதல் பத்து லிட்டர், அதற்கு மேலும்கூட ஆயில் பிடிக்கும். அடிப்பக்கத் தட்டுகளைக் கழற்றி மாட்டவே நேரம் போகும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். பெட்ரோல் செலவை ஏனோ எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து முதல் இருபது லிட்டர் குடித்தாலும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அது உங்கள் மொத்தச் செலவில் ஒரு ஓரம்தான்.

புத்தகத்தில் இல்லாத செலவுகள்தான் ஆளைச் சோர வைப்பவை. 1990-களின் பிற்பகுதி, 2000-களின் ஃபெராரிகளில் சுவிட்ச், ஏசி துவாரம், நடு கன்சோல் ஆகியவற்றின் மேல் தொட்டால் மெத்தென்று இருக்க ஒரு பூச்சு பூசினார்கள். வருடங்கள் போகப்போக, வெயில் பட்டாலும் படாவிட்டாலும் அது இளகிப் பிசுபிசுத்துவிடுகிறது. ஜன்னல் பொத்தானை அழுத்தினால் விரல் நுனியில் கறுப்பாக ஒட்டும், பொத்தானில் விரல் ரேகை பதியும், மேலே அச்சிட்ட குறியும் அழிந்துபோகும். டாஷ்போர்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பூச்சைச் சுரண்டி, புதிதாகப் பூசித் தரும் வேலையை மட்டுமே செய்து பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினுக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் அந்த விலை கொடுத்து வாங்கிய வண்டியில் கை ஒட்டுவதை யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் பொறுத்துக்கொண்டதில்லை.

இதே வரிசையில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்றிரண்டு உண்டு. எஃப்430-இலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடும். மெக்லாரன் 12சி-யிலும் அதன் வழிவந்த பல மாடல்களிலும் வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் இரும்புக் குறுக்குக் கம்பிக்குப் பதிலாக நான்கு சக்கர டாம்பர்களையும் ஹைட்ராலிக் குழாயால் இணைத்திருக்கிறார்கள். அதில் நைட்ரஜன் அடைத்த ஆக்குமுலேட்டர்கள் சில வருடங்களில் வலுவிழக்கும், வண்டி விறைப்பாகக் குதிக்கும். 1997 முதல் 2008 வரையிலான போர்ஷேயின் சாதாரண 911, பாக்ஸ்டர் எஞ்சின்களில், கேம்ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டின் பேரிங் உடைந்து எஞ்சினே போவதுண்டு. அதே காலத்து டர்போவும் ஜிடி3-யும் வேறு எஞ்சின் என்பதால் தப்பித்தன, 2009 மாடலின் புது எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. முன்மூக்கு தரையை ஒட்டி இருக்கும் எல்லா வண்டிக்கும் பொதுவான ஒன்று, பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும். குப்பையும் சருகும் கல்லும் நேரே அங்கேதான் போய்ச் சேரும். வருடம் ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் கசிவைப் பல வருடம் தள்ளிப்போடலாம்.

விலை குறைக்கும் வித்தை ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறிய நிறுவனங்கள் விளக்கையும் சுவிட்சையும் தாமே வடிவமைக்கக் காசில்லாமல் சாதாரணக் கார்களிலிருந்து எடுத்துப் போட்டிருக்கின்றன. 1999-க்குப் பிந்தைய லம்போர்கினி டியாப்லோவின் ஹெட்லைட் நிசான் 300இசட்எக்ஸ் காருடையது. ஜாகுவார் எக்ஸ்ஜே220-யின் பின்விளக்கு ரோவர் 200-இலிருந்து வந்தது. லம்போர்கினி பெட்டியில் வரும் பாகத்துக்கு ஒரு விலை, அதே பாகம் ஆடி பெட்டியில் வந்தால் வேறு விலை. லம்போர்கினியின் கல்லார்டோவிலும் ஹுராகானிலும், ஒரே குழுமத்தைச் சேர்ந்த ஆடியோடு பொதுவான பாகங்கள் அவ்வளவு இருக்கின்றன. நல்ல மெக்கானிக்கிடம் இந்த ஒப்பீட்டு அட்டவணை மனப்பாடமாக இருக்கும். அவருக்குக் கொடுக்கும் கூலி பல நேரம் இதிலேயே திரும்பிவிடும்.

உச்சியில் இருக்கும் வண்டிகளைப் பற்றியும் கேட்பீர்கள், வாங்கப் போவதில்லை என்றாலும். புகாட்டி வேரானில் 16 சிலிண்டர், நான்கு டர்போ, பத்து ரேடியேட்டர். மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் அதன் உச்ச வேகத்தில் ஓட்டினால் 100 லிட்டர் டேங்க் பன்னிரண்டு நிமிடத்தில் காலி. டயரும் அந்த வண்டிக்கென்றே மிஷலின் செய்த தனி ரகம். மெக்லாரன் எஃப்1-இல் பந்தயக் கார் மாதிரி ரப்பர் பையாலான எரிபொருள் டேங்க். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், எஞ்சினை இறக்கி அதை மாற்ற வேண்டும். அந்த வண்டியோடு பேச 1990-களின் காம்பாக் லேப்டாப் ஒன்று தேவைப்பட்டதால், 2016 வாக்கில்கூட மெக்லாரன் அந்தப் பழைய லேப்டாப்களைத் தேடிப் பிடித்து வைத்திருந்தது. மென்பொருள் பழசாவதும் ஒரு பராமரிப்புச் செலவு என்பதை இன்றைய வண்டிகளின் சொந்தக்காரர்கள் இன்னும் பதினைந்து வருடத்தில் அனுபவிப்பார்கள். ஹைபிரிட் ஃபெராரிகளில் அது இப்போதே கணக்கில் வந்துவிட்டது: 8-வது, 16-வது வருடங்களில் உயர் மின்னழுத்த பேட்டரியை மாற்றித் தரும் கட்டண வாரண்டித் திட்டத்தை ஃபெராரி 2024-இல் அறிவித்தது.

இன்சூரன்ஸில் ஒரே ஒரு விஷயம். சந்தை மதிப்புக்கு எடுக்காமல், முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்ட மதிப்புக்கு எடுக்க வழி இருந்தால் அதையே எடுங்கள். அலுமினியச் சட்டமோ கார்பன் இழையாலான உடற்கூடோ அடிபட்டால் பார்க்கச் சின்னதாகத் தெரியும் மோதலும் முழுச் சேதம் என்று முடியும். அப்போது மதிப்பு என்ன என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். ரேஸ் டிராக்கில் நடப்பது பொதுவாகப் பாலிசிக்குள் வராது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஓட்டுவதற்குக் கொஞ்சம் குறைவாகவே திட்டமிட்டிருக்கிறீர்கள், அதைக் கூட்டுங்கள். வாரக்கணக்கில் நின்று, பிறகு பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுவிட்டு அணைக்கப்படும் எஞ்சினுக்குள் ஈரம் தங்கும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆயில் சூடாகும்வரை நிதானமாகவும், பிறகு நன்றாகவும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிற்கும் நேரமெல்லாம் பேட்டரியை மெதுவாகச் சார்ஜில் வைத்திருக்கும் மெயின்டெய்னரை மாட்டி வையுங்கள். இந்த வண்டிகளின் மின்னணுக் கோளாறுகளில் பாதி, வோல்டேஜ் இறங்கிய பேட்டரி செய்யும் கூத்து.

வாங்கும்முன் அந்த மாடலை மட்டுமே பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். விற்பவருடைய மெக்கானிக் வேண்டாம். கம்ப்ரெஷனோடு, சிலிண்டரில் காற்றை அடைத்துக் கசிவை அளக்கும் லீக் டவுன் டெஸ்டும், கிளட்ச் தேய்மான எண்ணும், செராமிக் டிஸ்க்காக இருந்தால் அதன் நிலையும் எழுத்தில் வர வேண்டும். மேனுவல் 911 என்றால் எஞ்சின் எல்லை தாண்டி எத்தனை முறை சுழன்றது, எஞ்சின் எத்தனை மணிநேரம் ஓடியிருந்தபோது என்று கணினியில் பதிவு இருக்கும். வேகத்தில் தப்பான கியரில் போட்டவர்களை அது காட்டிக்கொடுத்துவிடும். ஃபெராரி 2011 முதல் ஏழு வருட இலவசப் பராமரிப்பைத் தன் கார்களோடு தந்தது. எனவே 458 மாதிரி வண்டியில் முதல் ஏழு வருடக் காகிதங்கள் பெரும்பாலும் கச்சிதமாக இருக்கும். எட்டாம் வருடத்திலிருந்து, சொந்தக் காசு போடத் தொடங்கியபின், சொந்தக்காரர் என்ன செய்தார் என்பதைத் துருவிப் பாருங்கள். ஓடோமீட்டரில் 8,000 கிலோமீட்டர் மட்டுமே காட்டும் பன்னிரண்டு வருட வண்டியைவிட, 40,000 ஓடி வருடா வருடம் சர்வீஸ் ஆன வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். முதல் வண்டியில் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் உங்கள் பெயரில் வந்து சேரும்.

பணத்துக்கு என் கணக்கு: வாங்கும் விலையில் பத்து சதவீதம் வருடா வருடம் பராமரிப்புக்குப் போகும் என்று வையுங்கள். சில வருடம் மூன்று சதவீதத்தோடு முடியும், சில வருடம் பதினைந்தைத் தாண்டும். அதுபோக, ஒரு கிளட்சும் ஒரு ஜோடி டயரும் எதிர்பாராத ஒரு பெரிய பில்லும் ஒரே மாதத்தில் வந்தாலும் தாங்கும் அளவுக்கு, இருபது சதவீதம் தனியாக, தொடாமல், வங்கியில் இருக்க வேண்டும். அந்த இருபதையும் சேர்த்தால்தான் வண்டி வாங்க முடிகிறது என்றால் ஒரு படி கீழே இருக்கும் வண்டியை வாங்குங்கள். இந்தக் கணக்கில் மதிப்புத் தேய்மானம் சேரவில்லை. பத்து வருடம் தாண்டிய வண்டியில் அதன் பெரும்பகுதியை முதல் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சுமந்துவிட்டார்கள், உங்களுக்குச் சாதகமான ஒரே எண் அதுதான். மேனுவல் கியர் உள்ள எஃப்430, கல்லார்டோ போன்றவை ஏறவே செய்திருக்கின்றன. அந்த ஏற்றம் காகிதம் கச்சிதமாக உள்ள வண்டிகளுக்கு மட்டும். ஒரு பெரிய சர்வீஸைத் தவிர்த்து மிச்சப்படுத்திய தொகையைவிட அதிகமாக அடுத்தவர் விலையில் கழித்துவிடுவார்.

பெயர் சொல்லிக் கேட்டால், முதல் வண்டிக்கு ஆடி ஆர்8 வி10 அல்லது 2009-க்குப் பிந்தைய போர்ஷே 911 டர்போ. முன்னதில் கல்லார்டோவின் எஞ்சின் உறவு, இரண்டிலும் செயின், இரண்டையும் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் ஏராளம். பழசுதான் பிடிக்கும் என்றால் ஹோண்டா என்எஸ்எக்ஸ்: 1990-இலேயே அலுமினிய உடலோடு வந்து, பெல்ட்டை எஞ்சின் இறக்காமல் மாற்றவிடும் மிட் எஞ்சின் கார், பிரச்சினை என்னவென்றால் இது எல்லோருக்கும் தெரிந்துபோய் விலை எங்கோ போய்விட்டது. ஓட்டும் சுகம் மட்டும் போதும், குதிரைச் சின்னம் வேண்டாம் என்றால் டொயோட்டா எஞ்சின் வைத்த லோட்டஸ் எலிஸோ எவோராவோ இந்தப் பக்கம் முழுக்க நான் எழுதியவற்றில் முக்காலை உங்களுக்குத் தேவையில்லாமல் செய்துவிடும். ஃபெராரிதான் வேண்டும் என்றால், மேனிஃபோல்டு மாற்றிய பில்லும் கிளட்ச் எண்ணும் கையில் வரும் எஃப்430. எஃப்355-ஐ மட்டும் இரண்டாவது வண்டியாக, எஞ்சின் இறக்கத் தெரிந்த ஆளின் ஒர்க்ஷாப் எங்கே என்று தெரிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.